ஊர் எழுப்பிய கல்விக்கூடங்கள் – 14: கல்லாப் பெட்டி கட்டிய கல்லூரி

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. நாலு கடை தள்ளி நடந்து வரும்போதே சுக்கும் ஓமமும் அதிமதுரமும் கலந்த வாசனை வந்துவிடும். உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். பெரியவர் எதையும் தேட மாட்டார். கை தானாக அந்தப் பெட்டிக்குப் போகும். பழைய செய்தித்தாளைக் கிழித்து, தராசில் நிறுத்து, நாலு மடிப்பில் பொட்டலம் கட்டி நீட்டுவார். "ரெண்டு வேளைக்கு வரும்மா. வெந்நீர்ல போட்டுக் குடு" என்பார். கையில் காசு குறைவாக இருப்பவரிடம் பொட்டலத்தைச் சிறிதாக்குவாரே தவிர, வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்.

அப்படி ஒரு கடையில்தான் இந்த வாரக் கதை தொடங்குகிறது. அந்தக் கடை இருந்த ஊர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்.

அந்த ஊருக்கு ஒரு கல்லூரி வந்த விதத்தைப் போன இதழில் பார்த்தோம். 1873-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆசிரியர்கள் வந்து, நாட்டிங்ஹாம் மக்களுக்கு விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார்கள். 1875-ல் பெயரைச் சொல்லிக்கொள்ளாத ஒருவர், அந்த வகுப்புகள் நிலைக்க வேண்டும் என்று 10,000 பவுண்டு கொடுத்தார். நகராட்சி கட்டடம் கட்டித் தரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. 1881-ல் ஷேக்ஸ்பியர் ஸ்ட்ரீட்டில் யுனிவர்சிட்டி காலேஜ் திறக்கப்பட்டது. கல்லூரி, நூலகம், அருங்காட்சியகம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சில ஆண்டுகளிலேயே இடம் போதவில்லை.

அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிறிது தூரத்தில் கூஸ் கேட் என்ற தெருவில் ஓர் இளைஞர் தன் கடையைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பதின்மூன்று வயதில் படிப்பை விட்டவர் அவர். கல்லூரிக்குள் மாணவனாக நுழையும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே கல்லூரிக்கு நிலமும் கட்டடமும் கொடுத்தவர் அவர்தான். பெயர் ஜெஸ்ஸி பூட்.

வயல்கூலியின் மூலிகைக் கடை

ஜெஸ்ஸியின் தந்தை ஜான் பூட் ஒரு வயல்கூலி. ட்ரெண்ட் நதிக்கரையில் உள்ள ராட்க்ளிஃப் என்ற சிற்றூர்க்காரர். மெதடிஸ்ட் சபையில் ஊறிய பக்தர். மூலிகை வைத்தியம் தெரிந்தவர். 1849-ல் சபை மக்களின் உதவியோடு நாட்டிங்ஹாமின் கூஸ் கேட் தெருவில் ஒரு மூலிகைக் கடை வைத்தார். சுற்றிலும் லேஸ் பின்னுகிறவர்களும் காலுறை நெய்கிறவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஜான் பூட்டின் கடைதான் ஆஸ்பத்திரி.

ஜெஸ்ஸி பிறந்தது 1850-ல். பத்து வயதில் தந்தை இறந்துபோனார். தாய் மேரி கடையை மூடவில்லை. பச்சிலை பறிப்பது, உலர்த்துவது, இடிப்பது, சலிப்பது, பொட்டலம் கட்டுவது என்று எல்லாமே அந்தக் குடும்பத்தின் கைவேலை. பதின்மூன்று வயதில் ஜெஸ்ஸி பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக்கு வந்துவிட்டார். பகலெல்லாம் கல்லாவில் நின்று, ஓய்வு கிடைத்த நேரத்தில் மருந்தியல் நூல்களைப் படித்தார். இருபத்தொரு வயதில் தாயோடு பங்குதாரர். 1877-ல் கடை முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது.

விதவைத் தாயோடு கடையில் நின்ற அந்தப் பதினான்கு ஆண்டுகளை நான் முக்கியமாக நினைக்கிறேன். நோயாளி கேட்கும் மருந்துக்கும் அவர் கையிலிருக்கும் சில்லறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை அந்தப் பையன் நாள்தோறும் கண்ணெதிரே பார்த்திருக்கிறான். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

வீசம் விலைக்கு உப்பு

பேதியுப்பு நமக்கும் தெரிந்த சரக்குதான். மலச்சிக்கலுக்குக் குடிப்பார்கள், வீக்கத்துக்கு வெந்நீரில் கரைத்துக் காலை ஊற வைப்பார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இருந்த மருந்து அது. மருந்துக் கடைகளில் ஓர் அவுன்ஸ் ஒரு பென்னிக்கு விற்றது.

ஜெஸ்ஸி பூட் ஒரு டன் பேதியுப்பை மொத்தமாக வாங்கினார். கடையில் ஒரு பவுண்டு எடை ஒரு பென்னி என்று விற்றார். பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். ஆக, ஊர் விலையில் பதினாறில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கு வாய்ப்பாட்டில் சொன்னால், வீசம் விலை. அப்படி விற்றும் அவருக்கு நஷ்டமில்லை.

வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதில் மந்திரம் எதுவும் இல்லை என்று புரியும். நேரே உற்பத்தி செய்கிறவரிடம் மொத்தமாக எடுத்தால் இடைத்தரகர் கிடையாது. லாபம் குறைவு, ஆனால் சரக்கு வேகமாக ஓடும். கடன் கிடையாது என்பதால் வராக்கடனும் கிடையாது. 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று நம் கடைகளில் எழுதிப் போடுவார்களே, அதே கொள்கைதான். கடைக்கே 'பூட்ஸ் கேஷ் கெமிஸ்ட்ஸ்' என்றுதான் பெயர் வழங்கிற்று. ரொக்கக் கடை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. கடன் கொடுத்து ஏமாந்ததை அடுத்த வாடிக்கையாளர் தலையில் ஏற்றாத கடை என்பது அதன் பொருள்.

1877-லேயே செய்தித்தாளில் நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குகளின் பெயரையும் விலையையும் பட்டியல் போட்டு விளம்பரம் கொடுத்தார். மருந்துக்கு என்ன விலை என்பது கடைக்காரர் மனதுக்குள் இருந்த காலம் அது. அதை எல்லோரும் படிக்கும்படி அச்சில் ஏற்றியது அன்றைக்குப் பெரிய விஷயம்.

மற்ற மருந்துக் கடைக்காரர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. விலை குறைவு என்றால் கலப்படம் என்ற பேச்சு கிளம்பியது. அதற்கு அவர் பதில் கம்பெனியின் பெயரிலேயே வந்தது. 1888-ல் அது 'பூட்ஸ் பியூர் டிரக் கம்பெனி' ஆயிற்று. சுத்தமான மருந்து என்ற வாக்கு பெயர்ப்பலகையில் ஏறியது.

சட்டமும் ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தது. 1868-ன் பார்மசி சட்டப்படி, தகுதித் தேர்வு எழுதிய மருந்தாளுநர்தான் மருந்துக் கடை நடத்தலாம். கம்பெனிகள் நடத்தலாமா என்ற வழக்கு மேல் மன்றமான பிரபுக்கள் சபை வரை போனது. தகுதி பெற்ற மருந்தாளுநரை வேலைக்கு வைத்துக்கொண்டால் கம்பெனியும் நடத்தலாம் என்ற நிலை 1880-ன் தீர்ப்பால் உருவானது. 1884-ல் பூட், எட்வின் வாரிங் என்ற தேர்ந்த மருந்தாளுநரைப் பணியில் அமர்த்தினார். அதன் பிறகு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கும் அந்தக் கடையில் மருந்து கிடைத்தது, மற்ற இடங்களில் ஆகும் செலவில் ஏறக்குறையப் பாதிக்கு.

கூஸ் கேட்டில் அவர் எழுப்பிய கடையின் முகப்பு வார்ப்பிரும்புத் தூண்களும் ஆளுயரக் கண்ணாடியுமாக இருந்தது. தெருவில் போகிற நெசவாளி உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். தயங்கித் தயங்கி மருந்துக் கடைக்குள் நுழைகிறவனுக்கு அந்தக் கண்ணாடி ஓர் அழைப்பு. அதே 1884-ல் ஷெஃபீல்டில் கிளை. தொடர்ந்து லிங்கன். 1900 வாக்கில் கடைகள் ஏறக்குறைய 250. முதல் உலகப்போர் தொடங்கும் நேரத்தில் 550-ஐத் தாண்டிவிட்டன.

புத்தகக் கடைக்காரர் மகள்

இந்தக் கதையில் இன்னொரு கடையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம்.

ஓய்வின்றி உழைத்த ஜெஸ்ஸியின் உடம்பு 1885-ல் ஒடிந்துபோனது. கடையை விற்றுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போனார். உடம்பு தேற ஜெர்சி தீவுக்குப் போன இடத்தில் ஃப்ளோரன்ஸ் ரோ என்ற பெண்ணைச் சந்தித்தார். செயிண்ட் ஹெலியர் நகரில் புத்தகமும் எழுதுபொருளும் விற்ற கடைக்காரரின் மகள். சிறு வயது முதல் அப்பாவின் கடையில் நின்று வியாபாரம் பழகியவர். 1886-ல் திருமணம். நாட்டிங்ஹாமுக்குத் திரும்பிய ஜெஸ்ஸிக்குக் கடையை விற்கும் எண்ணம் போய்விட்டது.

ஃப்ளோரன்ஸ் வந்ததும் மருந்துக் கடையின் முகம் மாறியது. எழுதுபொருள், புத்தகம், படச்சட்டம், வெள்ளிச் சாமான், பரிசுப் பொருள் என்று புதிய பகுதிகள் வந்தன. பெரிய கிளைகளில் சிற்றுண்டிச் சாலையும் வந்தது. நோயாளி வந்து போகும் இடமாக மட்டும் இருந்த கடை, குடும்பத்தோடு வரும் இடமாயிற்று.

அவர் செய்த மிகப்பெரிய காரியம் நூலகம். 1898-ல் 'பூட்ஸ் புக்லவர்ஸ் லைப்ரரி' என்ற வாடகை நூலகத்தைக் கிளைகளுக்குள் தொடங்கினார். சந்தா கட்டினால் புத்தகம் எடுத்துப் போகலாம். ஓர் ஊர்க் கிளையில் எடுத்ததை வேறு ஊர்க் கிளையில் திருப்பிக் கொடுக்கலாம். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகுப் பக்கத்திலும் மேலே ஒரு சின்னத் துளை இருக்கும். சந்தாதாரரின் அடையாள வில்லையை அதில் கோத்துக்கொள்வார்கள். மேலட்டையில் பச்சை நிறக் கேடயம் போல ஒரு சின்னம். தலைவலி மாத்திரை வாங்க வந்த பெண் கையில் ஒரு நாவலோடு வீட்டுக்குப் போனாள். 1966 வரை அந்த நூலகம் நடந்தது. பொது நூலகங்கள் ஊருக்கு ஊர் வராத நாளில், இரண்டு மூன்று தலைமுறை நடுத்தர வர்க்கப் பெண்களுக்கு அதுதான் வாசிப்பின் வாசல்.

இன்னொரு செய்தியும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். காலையில் வேலைக்கு வரும் பெண்கள் பலர் வெறும் வயிற்றோடு வருவதைக் கவனித்தார். வேலை தொடங்குமுன் எல்லோருக்கும் சூடாகக் கோகோ கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆவி பறக்கும் அந்தக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குளிரில் விறைத்த விரல்களை முதலில் சூடாக்கி, பிறகு குடித்திருப்பார்கள். கல்லூரிக்கு இவர்கள் கொடுத்த கொடையை இந்தக் கோப்பையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. பசித்திருப்பவரைக் கவனிக்கிற கண்தான், படிக்க வழியில்லாதவரையும் கவனிக்கும்.

எழுந்து நடக்க முடியாதவர்

ஜெஸ்ஸி பூட்டை வாழ்நாள் முழுவதும் துரத்திய நோய் முடக்குவாதம். மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கி, இறுகி, கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. நாடெங்கும் மருந்து விற்றவர் அவர். அவருடைய மூட்டு வலிக்கு அவர் கடை அலமாரி எதிலும் சரியான மருந்து இல்லை. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் தேவைப்படும்.

1909-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனியிலிருந்து வரும் மருந்துகள் நின்றுபோயின. ஆஸ்பிரின், சாக்கரின், குடிநீரைச் சுத்தமாக்கும் மாத்திரை என்று பலவற்றை அவரது தொழிற்சாலைகள் செய்து கொடுத்தன. போர் முடிந்தபோது அவருக்கு எழுபது வயது நெருங்கிவிட்டது. உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1920-ல் கம்பெனியை அமெரிக்காவின் யுனைடெட் டிரக் கம்பெனிக்கு விற்றார். விலை 22.5 லட்சம் பவுண்டு.

ஏழு வயதும் எழுபது வயதும் ஒன்று என்பார்கள். ஏழு வயதுப் பையனுக்கு மூலிகைக் கடைதான் உலகம். எழுபதில் அந்த உலகத்தை விற்றுவிட்டு, கையில் பெரும் பணத்தோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பணத்தின் பெரும்பகுதி எங்கே போனது என்று பார்த்தால், வந்த இடத்துக்கே போனது. நாட்டிங்ஹாம் ஊருக்குப் போனது.

ஏரிக்கரையில் ஒரு மணிக்கூண்டு

ஷேக்ஸ்பியர் ஸ்ட்ரீட் கல்லூரி அப்போது மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்கள் படிக்க வந்தார்கள். வகுப்பறை போதவில்லை, ஆய்வுக்கூடம் போதவில்லை, விரிவாக்க நகர நடுவில் இடமும் இல்லை. அது பட்டம் வழங்கும் உரிமை இல்லாத கல்லூரி. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதித்தான் பட்டம் பெற்றார்கள். தனிப் பல்கலைக்கழகமாக வேண்டும் என்ற கனவு இருந்தது. காலூன்ற நிலம் இல்லை.

நகரத்துக்கு மேற்கே ஹைஃபீல்ட்ஸ் என்ற எஸ்டேட்டை ஜெஸ்ஸி பூட் வாங்கியிருந்தார். அதிலிருந்து 35 ஏக்கரை 1921-ல் நாட்டிங்ஹாம் நகரத்துக்குக் கொடுத்தார். 1922-ல் புதிய கல்லூரிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் பெர்சி மார்லி ஹார்டர். மேட்டின் மேல் வெண்கல் கட்டடம், அதன் உச்சியில் மணிக்கூண்டு, சரிவில் புல்வெளி, அடியில் ஏரி. 1928 ஜூலை 10 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அதைத் திறந்து வைத்தார். ட்ரெண்ட் பில்டிங் என்று இன்று அதற்குப் பெயர்.

இந்தக் கொடையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மேட்டில் கல்லூரி, அடியில் ஊர் மக்களுக்கான பூங்கா. ஏரியில் படகு விடலாம், குழந்தைகளோடு வந்து உட்காரலாம், அப்போது நீச்சல் குளமும் இருந்தது. கல்லூரிக்கும் ஊருக்கும் நடுவே உயர்ந்த மதில் எழுப்பாமல், ஓர் ஏரியைப் பொதுவாக வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படகில் வரும் நெசவாளியின் பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படுவது கல்லூரியின் மணிக்கூண்டு. கூஸ் கேட் கடையின் பெரிய கண்ணாடி செய்த அதே வேலையை இங்கே ஏரி செய்தது.

ஃப்ளோரன்ஸின் கையும் இதில் உண்டு. மாணவியருக்கென்று எழுந்த விடுதிக்கு ஃப்ளோரன்ஸ் பூட் ஹால் என்று பெயர். அதுவும் 1928-ல் திறக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது, தங்க இடமும் வேண்டும். வீட்டில் அப்பா அம்மா முதலில் கேட்கும் கேள்வி அதுதானே? அன்றைக்கும் அதுதான்.

புதிய வளாகத்துக்குப் பெரியவர்கள் வரத் தொடங்கினார்கள். 1930 ஜூன் மாதம் ஐன்ஸ்டைன் வந்து உரையாற்றினார். அவர் எழுதிய கரும்பலகையை அழிக்காமல் இன்றுவரை பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வட்டமேஜை மாநாட்டுக்காக 1931-ல் இங்கிலாந்து சென்ற காந்தியடிகளும் அங்கே போயிருக்கிறார்.

1929-ல் ஜெஸ்ஸி பூட்டுக்குப் பிரபு பட்டம் வந்தது. பட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர் ட்ரெண்ட். தந்தை வயல்கூலியாக இருந்த சிற்றூரைத் தொட்டு ஓடும் நதியின் பெயர். 1931 ஜூன் 13 அன்று மனைவியின் ஊரான ஜெர்சியில் அவர் காலமானார்.

ஒரு கவிஞரின் கேள்வி

எல்லோரும் இதைக் கொண்டாடவில்லை. டி.எச். லாரன்ஸ், நாட்டிங்ஹாம் அருகே சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, ஷேக்ஸ்பியர் ஸ்ட்ரீட் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். புதிய வளாகத்தைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதினார். மருந்துக் கடைக் காசில் எழும்பிய கல்விக் கோபுரத்தை அது கடுமையாகச் சாடியது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

லாரன்ஸ் பெரிய கலைஞர். அவர் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. வணிகத்தின் கை கல்வியின் கழுத்தைப் பிடிக்குமோ என்ற பயம் நியாயமானது. நம் ஊரிலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. காசு நெசவாளியிடமிருந்து வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மனைவியிடமிருந்து வந்தது. பிள்ளைக்கு இருமல் என்று ஓடி வந்தவர்களிடமிருந்து, ஒவ்வொரு பென்னியாக வந்தது. பிரபுக்களும் பிஷப்புகளும் கட்டிய பழைய கல்லூரிகளுக்கு மட்டும் பணம் வானத்திலிருந்து விழுந்ததா? அங்கும் குடியானவர் கொடுத்த குத்தகைதான் கல்லாகவும் கண்ணாடியாகவும் நிற்கிறது. நாட்டிங்ஹாமில் அந்தக் காசு தன் பிறப்பை மறைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காசுக்கு ஈடாக மக்களுக்கு நியாயமான எடையில் நியாயமான சரக்கு கிடைத்தது. மீந்த லாபத்தை உடையவர் ஊருக்கே திருப்பித் தந்தார். ஒரு கடைக்காரரிடம் இதற்கு மேல் என்ன நேர்மையை எதிர்பார்க்க முடியும்? கல்லூரி தந்தவர்கள் வரிசையில் மன்னர்களுக்குப் பக்கத்தில் ஒரு மூலிகைக் கடைக்காரர் மகனையும் ஒரு புத்தகக் கடைக்காரர் மகளையும் நான் தயக்கமில்லாமல் நிறுத்துவேன்.

திரும்பி வந்த பென்னி

1933-ல் ஜெஸ்ஸியின் மகன் ஜான் பூட்டின் தலைமையில் கம்பெனி மறுபடியும் பிரிட்டன் வசம் வந்தது. அதே ஆண்டு ஆயிரமாவது கடை திறக்கப்பட்டது. 1948-ல் கல்லூரிக்கு அரச சாசனம் கிடைத்து, அது நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் ஆனது. சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை வந்தது. அதன் முதல் வேந்தர், இரண்டாம் ட்ரெண்ட் பிரபுவான அதே ஜான் பூட். இன்று மலேசியாவின் செமினியிலும் சீனாவின் நிங்போவிலும் அதற்கு வளாகங்கள் உண்டு. செமினி வளாகத்திலும் ஒரு ட்ரெண்ட் பில்டிங் நிற்கிறது, மணிக்கூண்டோடு. மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அதன் நிழலில் நடந்திருப்பார்கள்.

ஆனால் இந்தக் கொடை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு மனிதர் போதும்.

ஸ்டூவர்ட் ஆடம்ஸ் 1923-ல் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, ஒரு பூட்ஸ் கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கடையில் நின்றபடி படித்த ஜெஸ்ஸி பூட் மாதிரியே ஒரு தொடக்கம். ஆனால் இந்தப் பையன் காலத்தில் ஏரிக்கரையில் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே மருந்தியல் படித்து 1945-ல் பட்டம் பெற்றார். லீட்ஸில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு பூட்ஸின் ஆய்வுப் பிரிவுக்குத் திரும்பினார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை முடக்குவாதத்துக்கு மருந்து கண்டுபிடிப்பது. ஆஸ்பிரினை அதிக அளவில் கொடுத்தால் வலி தணியும், வயிறு புண்ணாகும். ஸ்டீராய்டுக்கு வேறு பக்க விளைவுகள். வயிற்றைக் கெடுக்காமல் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்து வேண்டும். நாட்டிங்ஹாமின் புறநகரில் ஒரு பழைய வீட்டின் முன்னறைதான் அவருடைய முதல் ஆய்வுக்கூடம். வேதியியலாளர் ஜான் நிக்கல்சனோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். மொத்தம் 600-க்கு மேல். மருத்துவச் சோதனை வரை போய்த் தோற்றவையும் உண்டு. கடைசியில் ஒன்று தேறியது. 1961-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969-ல் பிரிட்டனில் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும் மருந்தாக வெளிவந்தது.

அந்த மருந்து இபுப்ரொஃபென். பூட்ஸ் அதற்கு வைத்த பெயர் புருஃபென்.

நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்த ஒரு கடைக்காரர் ஊருக்கு ஒரு கல்லூரி கொடுத்தார். அந்தக் கல்லூரியில் படித்த ஒரு பையன், அந்தக் கடைக்காரரின் கம்பெனியிலேயே உட்கார்ந்து, முடக்குவாத வலிக்கு மருந்து கண்டுபிடித்தான். ஜெஸ்ஸி பூட் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து. அவருக்கு அது உதவவில்லை. உலகத்துக்கு உதவியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இபுப்ரொஃபென் இடம்பெற்றிருக்கிறது. ஆடம்ஸ் 2019-ல், தொண்ணூற்றைந்து வயதில், நாட்டிங்ஹாமிலேயே காலமானார்.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வாசலில் ஜெஸ்ஸி பூட்டின் மார்பளவுச் சிலை இருக்கிறது. பீஸ்டனில் உள்ள பூட்ஸ் தொழிற்சாலையை நோக்கியபடி வைத்திருக்கிறார்கள். முதுகுப்புறம் பல்கலைக்கழகம். முன்னே இருப்பது இவர் உழைப்பின் சின்னம், பின்னே இருப்பது இவர் ஈகையின் சின்னம் என்ற பொருளில் அடியில் பொறித்திருக்கிறார்கள். உழைப்பிலிருந்து ஈகைக்குப் போன பாதை ஒன்று. ஈகையிலிருந்து மறுபடி கடைக்குத் திரும்பி வந்த பாதை இன்னொன்று. ஸ்டூவர்ட் ஆடம்ஸ் நடந்தது அந்த இரண்டாவது பாதை.

எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடைக்கு எதிர்ச்சாரியில் இங்கிலீஷ் மருந்துக் கடை ஒன்று உண்டு. என் அம்மாவின் முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு போன மாதம் அங்கே நின்றிருந்தேன். கடைப் பையன் அட்டையைக் கத்தரித்து, பத்து மாத்திரையைக் காகித உறையில் போட்டு, "சாப்பிட்டப்புறம் குடுங்க சார்" என்று நீட்டினான். விலை, ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆவதைவிடக் குறைவு. உறையில் புருஃபென்.

(தொடரும்)

அடுத்த இதழில்: மான்செஸ்டரில் ஒரு பருத்தி வியாபாரி 1846-ல் எழுதிவைத்துப் போன உயில். எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும் படிக்கலாம் என்று அதில் அவர் விதித்த நிபந்தனையும், அதிலிருந்து 1851-ல் பிறந்த ஓவன்ஸ் கல்லூரியும்.